மரத்தைத் தட்டிப் பார்க்கும் கணினி

கண்ணே, மரம் எங்கேயும் ஓடிப்போவதில்லை. பிறகு எதற்கு அதைக் கணினியில் பதிந்து வைக்கிறார்கள்? உனக்கும் இந்தக் கேள்வி தோன்றியதா? அப்படியானால் நீ கெட்டிக்காரப் பிள்ளைதான். வா, சிங்கப்பூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

அங்கே 1859-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இருக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதன் புல்வெளி ஒன்றில் ஒரு பெரிய தெம்பூசு மரம் நிற்கிறது. பூங்கா வருவதற்கு முன்பே அங்கே வளர்ந்த மரம் அது. அதன் ஒரு கிளை தாழ்ந்து, படுத்தாற்போல நீண்டிருக்கும். சிங்கப்பூரின் ஐந்து டாலர் நோட்டில் அந்த மரத்தின் படம்கூட உண்டு!

இப்படிப்பட்ட மரங்களுக்கு ஆளுக்கோர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணின் கீழே பெயர், இடம், சுற்றளவு, உயரம், உடல்நிலை எல்லாம் கணினியில் ஏறும்.

இடத்தைக் காட்டத்தான் ஜிபிஎஸ் இருக்கிறதே என்கிறாயா? சபாஷ்! ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை அடர்ந்த இலைகளுக்குள் தடுமாறிவிடும். ஐந்து மீட்டர் தவறினாலும் போதும், பக்கத்து மரத்தைக் காட்டிவிடும். அதனால் மரத்திலேயே எண் எழுதிய தகடும் இருந்தால் நல்லது.

சுற்றளவுக்கு நாடா போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றுவது வழக்கம். யார் அளந்தாலும் அதே உயரம். அப்போதுதான் போன முறை அளந்ததோடு ஒப்பிட முடியும். சுற்றளவு 314 சென்டிமீட்டர் என்றால், அதை 3.14-ஆல் வகு. 100 வருகிறதா? அதுதான் மரத்தின் விட்டம்.

உயரத்தை எப்படி அளப்பது? மேலே ஏற வேண்டாம். ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடி. முக்கோணம் கிடைக்கும். ஒரு குட்டைப் பக்கம் தரைக்கு இணையாகவும், மற்றது நிமிர்ந்தும் இருக்கும்படி பிடி. நீளமான சாய்வுப் பக்கத்தை ஒட்டி மேலே பார். மரத்தின் உச்சி தெரியும்வரை பின்னால் நட. உச்சி தெரிகிறதா? நில்! அங்கிருந்து மரம் 20 மீட்டர், உன் கண் இருக்கும் உயரம் 1.2 மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 21.2 மீட்டர். அது 45 பாகைக் கோணம் செய்யும் வேலை. சமதரையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லேசர் கருவிக்கு வேறு வழி. அது ஒளியை அனுப்பும். ஒளி இலையில் பட்டுத் திரும்பிவர எவ்வளவு நேரமானது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடும். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும், மரத்தின் முழு உருவமும் திரையில் எழுந்து நிற்கும்.

ஆனால், மரத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடையில் அம்மா தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவார் அல்லவா? மரத்துக்கும் அதே வைத்தியம். அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார்கள். நல்ல கட்டையில் ஒலி விரைவாகப் பாயும். உள்ளே பொந்து இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். அதற்குக் கூடுதல் நேரமாகும். அந்த நேரங்களை வைத்துக் கணினி ஒரு வண்ணப்படம் வரைந்துவிடும். புரிகிறதா?

பொந்து இருந்தாலே மரத்தை வெட்டிவிட மாட்டார்கள். சுற்றிலும் நல்ல கட்டை தடிப்பாக இருந்தால் அது உறுதியாக நிற்கும். அதை முடிவு செய்வது படித்துத் தேர்ந்த மர வல்லுநர். வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா, மரம் புதிதாகச் சாய்கிறதா என்றும் அவர் கண்ணால் பார்ப்பார். இது சின்ன வேலை இல்லை, கண்ணே. 2017-இல் அதே பூங்காவில் வேறொரு முதிய தெம்பூசு மரம் விழுந்து ஒருவர் இறந்துபோனார். மரமும் வாழ வேண்டும், அதன் நிழலில் நடப்பவர்களும் வாழ வேண்டும். அதற்காகத்தான் இத்தனை அளவுகளும்.

2018-இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை இணைய வரைபடத்தில் போட்டது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அதைப் பார்த்த கையோடு ஒரு தாளை மடித்துக்கொண்டு உன் பள்ளி வேப்பமரத்திடம் போ. எத்தனை மீட்டர் வந்தது என்று எனக்கு எழுது. அளந்த தேதியையும் சேர்த்து எழுது.