கிண்ணத்தில் அளந்த தண்ணீர்

ஈரானின் யஸ்த் நகரில் ஒரு காலத்தில் தண்ணீரைக் கிண்ணம் வைத்துப் பங்கிட்டார்கள். அடியில் சிறு துளையுள்ள செப்புக் கிண்ணத்தைப் பாத்திர நீரில் மிதக்கவிட்டால் மெல்ல நிறைந்து மூழ்கும். நம் நாழிகை வட்டிலின் கூடப்பிறந்ததுதான். அது ஒரு தடவை மூழ்கும் நேரம் ஒரு பங்கு. யார் தோட்டத்துக்கு எத்தனை கிண்ணம் என்று கணக்குப் பார்க்க ‘மீராப்’ என்றொருவர் இருந்தார். சொத்தைப் போலவே தண்ணீர்ப் பங்கையும் விற்றார்கள், பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார்கள்.

ஆண்டுக்குச் சுமார் 60 மில்லிமீட்டர் மழை பெய்யும் பாலைவனத்தில் தண்ணீர் ஏது? மலையடிவாரத்து நிலத்தடி நீரைப் பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி, லேசான சரிவிலேயே ஊருக்குள் ஓடவிட்டார்கள். இதுதான் கனாத். சார்ச் என்ற கனாத் மட்டும் 70 கிலோமீட்டருக்கு மேல் நீளும். கனாத் வெட்டியவர்கள் வெள்ளை உடுத்தியே இறங்குவார்களாம். மண் சரிந்தால் அதுவே சவத்தைச் சுற்றும் கஃபன் துணி.

மேலே காற்றுக்கும் வழி வைத்தார்கள். ‘பாத்கீர்’ எனும் காற்றுக்கோபுரம் உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும். தௌலதாபாத் தோட்டத்தில் இருப்பது சுமார் 33 மீட்டர் உயரம்.

இன்று பாத்கீர்கள் படம் பிடிக்கத்தான். வீட்டைக் குளிர்விப்பது மின்சாரக் குளிரூட்டி. ஃபஹாதான் பகுதியின் பழைய மண்வீடுகள் பல விடுதிகளாகிவிட்டன. 2016-இல் கனாத்துகளும் 2017-இல் பழைய நகரமும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. தண்ணீருக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நெருப்பைப் புனிதமாகப் போற்றும் ஜொராஸ்திரியர்களின் கோயில் நெருப்பு மட்டும், கி.பி. 470 முதல் அணையவில்லை என்ற நம்பிக்கையோடு, இன்னும் எரிகிறது. அதற்கு 1934-இல் எழுந்த கோயிலில் இந்தியப் பார்சிகளின் பணமும் உண்டு.

பழைய நகரின் சுவர்களைக் காத்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை உறிஞ்ச, கனாத்துகள் பல வற்றின. எஃகு ஆலையும் ஓட்டுத் தொழிற்சாலையும் வந்த ஊருக்குச் சுரங்க நீர் எப்படிப் போதும்? இப்போது பக்கத்து இஸ்ஃபஹானின் சாயந்தே ரூத் ஆற்றிலிருந்து தண்ணீர் குழாயில் வருகிறது. தங்கள் வயல் காய்வதைப் பார்த்த அந்தப் பக்கத்து விவசாயிகள் 2013-இல் அந்தக் குழாயை உடைத்தார்கள். யஸ்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. இந்தச் சண்டையைத் தீர்க்க எந்த மீராப்பும் இல்லை.

சாயந்தே ரூத் என்றால் உயிர் தரும் ஆறு. அது இஸ்ஃபஹானிலேயே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கிறது.