மன்னர் முகத்துக்குப் பதில் சிங்கம்
ஒரு ரூபாய் நாணயம், நிக்கல், இந்தியா, 1950

இந்த நாணயத்தின் ஒரு பக்கத்தில் சாரநாத் அசோகத் தூணின் நான்முகச் சிங்கம். மறுபக்கத்தில் கோதுமைக் கதிர்கள். அருகிலுள்ள 1947 ரூபாயில் முடி சூடிய ஆறாம் ஜார்ஜின் தலை இருக்கிறது. மன்னரை எடுத்த இடத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர் ஒருவரைப் பொறித்திருக்கலாம். குடியரசு அப்படிச் செய்யவில்லை. அது சரியான முடிவே. ஆள்பவரின் தலையை நாணயத்தில் பொறிப்பது முடியாட்சி வழக்கம். ஆள் மாறினால் அச்சும் மாற வேண்டும். சிங்கத்துக்கு வாரிசுச் சிக்கல் கிடையாது.

அசோகரும் அரசர்தானே என்று கேட்கலாம். ஆனால் இங்கே இருப்பது அவருடைய முகமன்று, அவர் நிறுத்திய தூணின் உச்சி. தூணைவிட மனித முகமே மக்கள் மனத்தில் நிற்கும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதற்கும் பின்னாளில் இடம் கிடைத்தது. 1964-இல், மறைந்த பிறகு, நேருவும், 1969-இல் பிறந்த நூற்றாண்டையொட்டிக் காந்தியும் நாணயத்தில் வந்தனர். இரண்டுமே நினைவு நாணயங்கள். அவற்றின் மறுபக்கத்திலும் சிங்கம் உண்டு. வழக்கமான வரிசை நாணயங்களில் இன்றுவரை எந்தத் தலைவரின் முகமும் இல்லை.