செங்காந்தள்

செங்காந்தள் என்பது கிழங்கிலிருந்து முளைத்து ஏறும் ஒரு மூலிகைக் கொடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. தமிழ்நாட்டின் மாநில மலரான இது கார்த்திகைப்பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றும் அழைக்கப்படுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களில் முதலாவது காந்தளே. மருந்தாகப் பயன்பட்டாலும், இக்கொடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு உடையவை.

வளரியல்பு

ஆசிய, ஆப்பிரிக்க வெப்பமண்டலப் பகுதிகளில், வேலிகளிலும் புதர்களிலும் இது தானாக வளர்கிறது. இலையின் நுனி சுருள்போல நீண்டு, அருகிலுள்ள செடியைப் பற்றிக்கொள்ளும். பூவின் ஆறு இதழ்களும் பச்சையாகத் தோன்றி, மஞ்சளாகி, பின் சிவக்கும். காய்த்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருந்து அடுத்த பருவத்தில் முளைக்கும். கலப்பைபோல் வளைந்த அதன் வடிவமே கலப்பைக் கிழங்கு என்ற பெயருக்குக் காரணம்.

திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இது விதைக்காகப் பயிரிடப்படுகிறது. பூவின் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி வளைந்திருப்பதால், கையால் மகரந்தச் சேர்க்கை செய்கின்றனர்.

மருத்துவப் பயன்கள்

சித்த மருத்துவத்தில் கிழங்கை முறைப்படி சுத்தி செய்தே மருந்தில் சேர்ப்பர். மூட்டுவலிக்கும் தேள்கடிக்கும் அரைத்துப் பூசும் வழக்கமும் இருந்துள்ளது. இதன் விதையிலிருந்து பிரிக்கப்படும் கோல்சிசின், கீல்வாதத்தின் ஒரு வகையான கவுட் நோய்க்கு நவீன மருத்துவத்தில் பயன்படுகிறது.

நச்சுத்தன்மை

நோயைத் தணிக்கும் கோல்சிசினே நஞ்சும் ஆகும். இது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுக்கிறது. மாத்திரையில் இது பொதுவாக 0.5 மில்லிகிராம் அளவே இருக்கும். கிழங்கில் உள்ள அளவோ செடிக்குச் செடி மாறுபடும். எனவே வீட்டில் பாதுகாப்பான அளவைக் கணிக்க இயலாது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு நீங்காது.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணி இதை உண்டவர்கள் இறந்ததுண்டு. உண்ட சில மணி நேரத்திற்குப் பிறகே வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு ஆகியவை தொடங்கும். அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம், எலும்பு மச்சை ஆகியவை பாதிக்கப்படலாம். உயிர் பிழைத்தவர்களுக்கு முடி உதிர்வதும் உண்டு.

அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், உண்டது தெரிந்தவுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மீதமுள்ள கிழங்கையோ கொடியையோ உடன் எடுத்துச் சென்றால், நஞ்சை அடையாளம் காண மருத்துவருக்கு உதவும். கருவுற்ற பெண்கள் இதை எவ்வகையிலும் பயன்படுத்தக் கூடாது.