உழவர் கடன் அட்டையில் வீண் வட்டியும் கட்டணமும் வராமல் காப்பது எப்படி?

விதைப்புப் பருவம் வந்துவிட்டால் உரக்கடை, விதைக்கடை, பூச்சிமருந்துக் கடை எங்கும் கூட்டம். முன்பெல்லாம் விவசாயி மடியிலிருந்து ரொக்கத்தை எடுத்து எண்ணிக் கொடுப்பார். இன்று பலர் அட்டையைக் கொடுக்கிறார்கள். கடைக்காரர் மிஷினில் அட்டையைச் செருக, விவசாயி ரகசிய எண்ணை அழுத்த, சீட்டு வெளியே வருகிறது. உர மூட்டை வண்டியில் ஏறுகிறது. வேலை எளிதாக முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தொகை எந்தக் கணக்கிலிருந்து போனது, அன்றைய தினத்திலிருந்து அதற்கு வட்டி ஓடுகிறதா என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அறுவடை முடிந்து வங்கிக்குப் போகும்போதுதான், எதிர்பார்த்ததைவிட அதிகத் தொகை நிலுவையில் நிற்பது தெரியவருகிறது. சிறிது கவனம் இருந்தால் இந்த இழப்பை முழுவதும் தவிர்க்கலாம்.

இரண்டு அட்டை, இரண்டு கணக்கு

விவசாயியின் கையில் இருக்கும் அட்டைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சேமிப்புக் கணக்கின் அட்டை வேறு, உழவர் கடன் அட்டை எனப்படும் கிசான் கிரெடிட் கார்டு வேறு.

சேமிப்புக் கணக்கு அட்டையில் செலவாவது விவசாயியின் சொந்தப் பணம். கணக்கில் 3,000 ரூபாய் இருந்து 4,000 ரூபாய்க்கு உரம் வாங்கினால் மிஷின் மறுத்துவிடும். அமெரிக்கா போன்ற நாடுகளில், இத்தகைய நேரங்களில் வாடிக்கையாளர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, அதற்கென்று தனிக் கட்டணம் வசூலிக்கும். நம் நாட்டுச் சாதாரண சேமிப்புக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை.

உழவர் கடன் அட்டையின் கதை வேறு. இத்திட்டம் 1998 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபின், ஏ.டி.எம்.மிலும் கடைகளிலும் பயன்படுத்தத்தக்க அட்டை வழங்கப்படலாயிற்று. இந்தக் கணக்கே ஒரு மிகைப்பற்றுக் கணக்கு, அதாவது ஓவர்டிராப்ட் போன்றது. வங்கி ஒரு வரம்பு நிர்ணயித்துத் தருகிறது. அந்த வரம்புக்குள் எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கடன்தான். மிஷின் மறுக்கவில்லை என்பதால் கணக்கில் பணம் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. கடன் வாங்க இன்னும் இடம் இருக்கிறது என்பதே அதன் பொருள்.

வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வரம்பு முழுவதற்கும் வட்டி இல்லை. எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்து கட்டிய நாள் வரை மட்டுமே வட்டி. எனவே, வரம்பு அனுமதியானவுடன் முழுத் தொகையையும் எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைப்பது நஷ்டம். சேமிப்புக் கணக்கில் கிடைக்கும் வட்டியைவிடக் கடனுக்குக் கொடுக்கும் வட்டி அதிகம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு சம்பா நெல் விவசாயிக்கு 60,000 ரூபாய் தேவை. வட்டி 7 சதவீதம். அவர் ஆகஸ்டு 15 அன்று முழுத் தொகையையும் எடுத்து, பிப்ரவரி 15 அன்று கட்டினால் 184 நாட்களுக்கு வட்டி சுமார் 2,117 ரூபாய். அதே விவசாயி உழவு, நாற்றங்காலுக்கு ஆகஸ்டு 15 இல் 20,000, நடவுக்குச் செப்டம்பர் 20 இல் 20,000, மேலுரம், களையெடுப்புக்கு அக்டோபர் 25 இல் 20,000 என்று எடுத்தால் வட்டி சுமார் 1,707 ரூபாய்தான். வயலில் ஒரு வேலையும் குறையாமல் 410 ரூபாய் மிச்சம்.

வாய்தா நாளின் மதிப்பு

மத்திய அரசின் வட்டி மானியத் திட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகியகாலப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். வாய்தா நாளுக்குள் கட்டுவோருக்கு மேலும் 3 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. ஆகவே அவர்களுக்கு உண்மையான வட்டி 4 சதவீதமே. இத்திட்டத்தை 2025-26 ஆம் ஆண்டுக்கும் தொடர 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பயிர்க்கடன் பெற்று வாய்தாவுக்குள் கட்டுவோருக்கு எஞ்சிய வட்டியை மாநில அரசே ஏற்பதால் வட்டியே இல்லை.

வாய்தா தவறினால் என்ன ஆகும்? ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டு நின்றிருந்தால் 3,000 ரூபாய் ஊக்கத்தொகை கைநழுவும். அதற்குப் பிந்திய நாட்களுக்கு மானிய வட்டி கிடையாது. வங்கியின் வழக்கமான வட்டி விதிக்கப்படும். வாய்தாவுக்கு உட்பட்ட பயிர்க்கடனுக்கு வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் வாய்தா கடந்துவிட்டால் நிலுவை வட்டியை அசலுடன் சேர்க்க வங்கிக்கு உரிமை உண்டு.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 'எனக்கு 4 சதவீதம்தானே' என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை மட்டும் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். பல வங்கிகளில் முதலில் 7 சதவீத வட்டியும் கணக்கில் பற்று எழுதப்படும். 3 சதவீத ஊக்கத்தொகை பின்னரே வரவு வைக்கப்படும். மேற்கண்ட உதாரணத்தில் 1,707 ரூபாய் கட்ட வேண்டிய விவசாயி 975 ரூபாய் மட்டும் கட்டினால் 732 ரூபாய் பாக்கி நிற்கும். கடன் முழுவதும் தீர்ந்ததாக ஆகாது. அந்தச் சிறு பாக்கியினால் ஊக்கத்தொகையே கிடைக்காமல் போகலாம். ஆகவே வாய்தாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே கிளைக்குச் சென்று, 'இன்ன தேதியில் கட்டினால் அசலும் வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு?' என்று கேட்டு எழுதி வாங்கி, அதன்படி கட்ட வேண்டும். பின்னர் ஊக்கத்தொகை வரவாகிவிட்டதா என்று பாஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடுக்கும் தொகை எதுவும் 12 மாதங்களுக்கு மேல் நிலுவையில் நிற்கக் கூடாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எனவே ஒவ்வொரு தொகையும் எடுத்த தேதியைக் குறித்து வைத்தல் அவசியம்.

அட்டையைத் தொடாமலே குறையும் வரம்பு

சில செலவுகள் விவசாயி அட்டையைத் தொடாமலே கணக்கில் பற்றாகும். அவற்றுள் முக்கியமானது பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம். காரீப் பருவ உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரையிலும், ராபிப் பருவப் பயிர்களுக்கு 1.5 சதவீதம் வரையிலும், ஆண்டு வணிகப் பயிர், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரையிலும் விவசாயியின் பங்கு. இந்தத் தொகை கடன் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு வரம்பு குறையும்.

2020 காரீப் பருவம் முதல் கடன் பெற்றோருக்கும் இக்காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாதவர் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பாவது வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆயினும் சிறு விவசாயிகள் காப்பீட்டைக் கைவிடாமல் இருப்பதே நலம். பிரீமியம் பிடிக்கப்பட்டபின் பயிரின் பெயர், கிராமம், சர்வே எண் ஆகியவை சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று ரசீதைப் பார்க்க வேண்டும். நெல்லை நட்டவருக்கு உளுந்து என்று பதிவாகியிருந்தால், பணம் கொடுத்தும் பயன் கிட்டாது.

சேமிப்புக் கணக்கிலும் கவனம் தேவை

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கும் கணக்குகள் உண்டு. அத்தகைய கணக்கு உள்ளவர்கள் அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு எழுதிக் கேட்கலாம். அதில் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. எந்தச் சேமிப்புக் கணக்கிலும், இந்த அபராதத்தின் காரணமாக மட்டுமே இருப்பைப் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று 2015 ஏப்ரல் 1 முதல் விதி உள்ளது.

ஜன்தன் கணக்குகளில் தகுதியுடையோருக்கு 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று வசதி உண்டு. இதுவும் கடனே. வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டியதே.

டிராக்டர், மோட்டார் சைக்கிள் போன்றவற்றின் தவணை சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுவதாக இருந்தால், தவணைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பணம் இருக்க வேண்டும். பணம் இல்லாமல் திரும்பினால் கணக்கு வைத்துள்ள வங்கியும், கடன் கொடுத்த நிறுவனமும் தனித்தனியே கட்டணம் விதிப்பது வழக்கம்.

பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயும், ஜீவன் ஜோதி பீமா யோஜனாவுக்கு 436 ரூபாயும் மே மாதக் கடைசி வாரத்தில் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். அந்த வாரம் இருப்பு இல்லாமற்போனால் காப்பீடு அற்றுப்போகும். இருபது ரூபாய் இல்லாததால், விபத்தில் இறந்தவரின் குடும்பம் 2 லட்சம் ரூபாயை இழக்க நேரிடும். மே 20 ஆம் தேதிக்குள் இத்தொகையைக் கணக்கில் போட்டு வைத்தல் வேண்டும்.

ஏ.டி.எம். கட்டணம்

சொந்த வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் 5 முறையும், பிற வங்கி ஏ.டி.எம்.மில் பெருநகரங்களில் 3 முறையும், மற்ற ஊர்களில் 5 முறையும் கட்டணம் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரையிலும், அதன் மீது வரியும் பிடிக்கலாம். இக்கட்டணம் 2025 மே 1 முதல் அமலுக்கு வந்தது. பிற வங்கி ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காமல் இருப்பு மட்டும் பார்த்தாலும் அது ஒரு முறையாகவே கணக்கிடப்படும். இருப்புக்கு மேல் கேட்டு மிஷின் மறுத்தால் அதற்கும் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் உண்டு. எனவே இருப்பை அறிய மிஸ்டு கால் அல்லது குறுஞ்செய்தி வசதியைப் பயன்படுத்துவது சிக்கனம்.

மிஷின் கோளாறு, பணத் தட்டுப்பாடு, தவறான ரகசிய எண் ஆகியவற்றால் நின்றுபோன முயற்சிகளை இலவச எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. பணம் வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், 5 நாட்களுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வங்கி தர வேண்டும். கடையில் அட்டையைப் போட்டுப் பணம் கழிந்து, கடைக்காரருக்கு ஒப்புதல் வராத நேர்விலும் இதே விதிதான். எனவே சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பயிர் சேதமானால்

வெள்ளம், புயல், வறட்சியால் மகசூல் போய்விட்டால் பலர் வங்கிப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். இது தவறு. பாதிக்கப்பட்ட பகுதி என்று அரசு அறிவித்தால் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றியமைக்க வழி உண்டு. வாய்தாவுக்கு முன்பே அடங்கல் நகலுடன் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தவறான கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தால் கிளையில் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 2024 முதல், கடன் தவறியதற்கான அபராதத்தை வட்டியோடு கலக்காமல் தனியாகக் காட்ட வேண்டும். அந்த அபராதத்தின் மீது வட்டி போடவும் கூடாது. 30 நாட்களில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி மனுச் செய்யலாம்.

மூன்று எண்கள்

சுருக்கமாகச் சொன்னால், கடன் அட்டை வைத்துள்ள விவசாயி மூன்று எண்களை மறக்கக் கூடாது. ஒன்று, கணக்கின் வரம்பு. இரண்டு, இன்றுவரை எடுத்துள்ள தொகை. மூன்று, வாய்தா நாள். இவற்றைப் பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டி, பணம் எடுக்கும்போதெல்லாம் திருத்தி எழுதி வர வேண்டும். எழுத வராதவர்கள் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யலாம். ரகசிய எண்ணை மட்டும் அத்தாளிலோ அட்டையிலோ எழுதக் கூடாது. அதைக் கடைக்காரரிடமும் சொல்லக் கூடாது.

வயலுக்கு எத்தனை மூட்டை உரம் போட்டோம் என்று கணக்கு வைத்திருக்கும் விவசாயிக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல. மாதம் ஒரு முறை பாஸ் புத்தகத்தில் வரவு செலவைப் பதிந்து படித்துப் பார்த்தால், விளைச்சலில் கிடைத்த லாபம் வட்டியாகவும் அபராதமாகவும் கரைந்துபோகாமல் வீடு வந்து சேரும்.