எடை குறைந்த பிறகு வரும் வயிற்று வலி

ஹெர்னியா என்றதும் அடிவயிற்றிலோ தொப்புளிலோ பிதுங்கித் தெரியும் வீக்கம்தான் நமக்கு நினைவுக்கு வரும். வெளியே ஒரு வீக்கமும் தெரியாமல், வயிற்றுக்குள்ளேயே குடல் ஒரு சந்தில் புகுந்து சிக்கிக்கொள்ளும் ஹெர்னியாவும் உண்டு. உடல் எடையைக் குறைக்க 'பைபாஸ்' வகை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இது வர வாய்ப்பு இருக்கிறது. நம் குடும்பங்களிலும் இந்த ஆபரேஷன் இப்போது புதிதல்ல. ஆகவே எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நான் டாக்டர் அல்ல. ரயில் பாதைப் பராமரிப்பில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா இன்ஜினீயர். என் தங்கை மகளுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது 'ஸ்லீவ்'. இரைப்பையின் பெரும்பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். குடலைத் தொடுவதில்லை.

இரண்டாவது பைபாஸ். அமெரிக்காவில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966-ல் தொடங்கிவைத்த முறை இது. பின்னால் பல மாறுதல்கள் அடைந்தது. இரைப்பையின் மேல்புறத்தைச் சின்னப் பையாகப் பிரிப்பார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, ஒரு முனையை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு இணைப்பார்கள். பித்தநீர் வரும் மறுமுனையைக் கீழே குடலின் பக்கவாட்டில் சேர்ப்பார்கள். இரண்டு லைன்கள் ஒரு ஜங்ஷனில் கூடுவதுபோல, ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவம் கிடைக்கும்.

சந்து எங்கிருந்து வருகிறது?

சிறுகுடல் வயிற்றுக்குள் சும்மா கிடப்பதில்லை. விசிறி மடிப்பு போன்ற கொழுப்புத் திரை ஒன்று அதைத் தாங்குகிறது. ரத்தக் குழாய்கள் அதன் வழியாகத்தான் குடலுக்கு வருகின்றன. குடலை வெட்டி இடம் மாற்றும்போது ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சந்தும், மேலே கொண்டுவந்த குடலின் பின்னால் இன்னொரு சந்தும் உண்டாகின்றன. பின்னால் உள்ள சந்துக்குப் 'பீட்டர்சன் இடைவெளி' என்று பெயர். ஜெர்மன் டாக்டர் பீட்டர்சன் 1900-லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஆபரேஷன் அன்று சிறியதாக இருக்கும் சந்து பிறகு பெரிதாவது ஏன்? புதிதாகக் கொட்டிய மண்கரை அமுங்கினால் ஸ்லீப்பருக்கு அடியில் இடைவெளி விழும். அதுபோல, எடை வேகமாகக் குறையும்போது அந்தத் திரையில் உள்ள கொழுப்பும் கரைந்து சந்து அகலமாகிவிடுகிறது. அதனால்தான் பலருக்கு ஒன்று, இரண்டு வருடம் கழித்து, 'நன்றாக இளைத்துவிட்டோம்' என்று மகிழும் சமயத்தில் இது வருகிறது. அதற்குப் பிறகும் வரலாம்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்த காலத்தில் தையல் போட்ட இடத்தில் ஹெர்னியா வருவது அதிகம். துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வந்த பிறகு அது குறைந்தது. ஆனால் உள்ளே தழும்பு ஒட்டுவதும் குறைந்ததால், குடல் தாராளமாக நகர்ந்து சந்துக்குள் புக வழி ஏற்பட்டது.

சந்தைத் தைத்து மூடினால் என்ன? ஸ்வீடனில் 12 மருத்துவமனைகளில் 2507 பேரிடம் இதைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். மூடாதவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு 3 வருடத்துக்குள் குடல் அடைப்புக்காக மறு ஆபரேஷன் தேவைப்பட்டது, மூடியவர்களில் 5.5 சதவீதம்தான். ஆனால் மூடியவர்களில் சிலருக்கு ஜங்ஷன் இருக்கும் இடத்தில் குடல் மடங்கி, முதல் மாதத்திலேயே தொல்லை கொடுத்தது. ஆகவே மூடினாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடவில்லை.

தங்கை மகளின் கதை

அவளுக்கு மும்பையில் பைபாஸ் நடந்தது. ஒன்றேகால் வருடத்தில் 40 கிலோ குறைந்தாள். அதற்குள் மாப்பிள்ளைக்குப் போபாலுக்கு மாற்றலாகிவிட்டது. அங்கே சாப்பிட்டபின் மேல்வயிற்றில் முறுக்கிப் பிடித்து முதுகுக்குப் பரவும் வலி வந்தது. சில மணி நேரத்தில் தானே போய்விடும். வாந்தி இல்லை. வீட்டில் ஓமத் தண்ணீரும் பெருங்காய மோரும் கொடுத்தார்கள். பக்கத்து கிளினிக்கில் 'கேஸ்' என்று மாத்திரை தந்தார்கள். எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாவது முறை இரவு வலி நிற்கவே இல்லை. பெரிய மருத்துவமனையில் 'பைபாஸ் ஆனவள்' என்று சொன்னதும் இதய பைபாஸ் என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாப்பிள்ளை மும்பை டாக்டருக்குப் போன் போட, அவர் உடனே சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரத்தக் குழாய்கள் சுழல்போல முறுக்கியிருப்பது அதில் தெரிந்தது. அன்றிரவே ஆபரேஷன். கறுக்கத் தொடங்கியிருந்த குடல், முறுக்கை எடுத்ததும் நிறம் திரும்பியது. இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வெட்டி எடுக்க வேண்டியிருக்கும், உயிருக்கே ஆபத்து என்றார்கள்.

கவனிக்க வேண்டியவை

1. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எப்போதும் கைப்பையில் வைத்திருங்கள். போனிலும் ஒரு படம் இருக்கட்டும். மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நமக்கு இது மிக அவசியம்.

2. டாக்டரிடம் 'எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் ஆகியிருக்கிறது' என்று முழுமையாகச் சொல்லுங்கள்.

3. விட்டு விட்டு வரும் முறுக்கு வலியையும் ஆபரேஷன் செய்த டாக்டருக்குத் தெரிவியுங்கள். வலி கடுமையாகி நிற்காவிட்டால், ஸ்கேனும் ஆபரேஷன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். வலி தொடர்ந்தால் லேப்ராஸ்கோப்பியால் உள்ளே பார்க்க வேண்டிவரும்.

4. கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வளரும் கர்ப்பப்பை குடலை மேலே தள்ளுவதால் சிக்கல் வரலாம். 'கர்ப்ப காலத்து வலிதானே' என்று இருந்துவிடக் கூடாது.

5. ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சந்துகள் கிடையாது. ஆனால் துளை போட்ட இடத்தில் புடைப்பு தெரிந்தாலோ, இரைப்பை மார்புப் பக்கம் ஏறி ஓயாத நெஞ்செரிச்சல் வந்தாலோ காட்ட வேண்டும்.

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. இந்த ஆபரேஷனால் சர்க்கரையும் மூட்டுவலியும் குறைந்து நிம்மதியாக இருப்பவர்கள் பலர். என் தங்கை மகளும் அவர்களில் ஒருத்திதான். வலி வந்தால் கஷாயம் வைப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.