மசில் காருக்கு எத்தனை லிட்டர் இன்ஜின்?

1969ஆம் ஆண்டின் செவ்ரோலே கமாரோ ஒரே உடலில் பல இன்ஜின்களோடு விற்பனைக்கு வந்தது. வி8 வகையில் மட்டும் 302, 350, 396 கன அங்குலம் எனப் பல அளவுகள். சிறப்பு ஆர்டரில் 427-ம் கிடைத்தது. லிட்டரில் இவை முறையே 4.9, 5.7, 6.5, 7. அப்படியொரு பழைய காரை இன்று சாலையில் ஓட்டுவதற்காகப் புதுப்பிப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது இந்த அளவைத்தான்.

302-க்கும் 350-க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே: 4 அங்குலம். வேறுபாடு பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தில், அதாவது ஸ்ட்ரோக்கில். 302-இல் அது 3 அங்குலம், 350-இல் 3.48. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்குள் அடங்கவே 302 உருவானது. அதன் அறிவிக்கப்பட்ட திறன் 290 குதிரைத்திறன். அதே ஆண்டின் 350 இன்ஜின் ஒன்றுக்கு 300. காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். (302-இன் கணக்கை நிறுவனம் குறைத்தே சொன்னது என்று நம்புவோர் பலர்.) ஆனால் சக்கரத்தைத் திருப்பும் டார்க் வேறு கதை சொல்கிறது. 302 தந்தது 4,200 சுற்றில் 393 நியூட்டன் மீட்டர். 350 தந்தது 3,200 சுற்றிலேயே 515.

காரணம் எளிது. ஒவ்வொரு முறையும் உள்ளே இழுக்கப்படும் காற்றின் அளவே டார்க்கைத் தீர்மானிக்கிறது. குதிரைத்திறன் என்பது அந்த டார்க்கைச் சுற்றுவேகத்தால் பெருக்கி வருவது. சிறிய இன்ஜின் வேகமாகச் சுற்றிக் கணக்கை ஈடுகட்டலாம். ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும் வண்டி பெரும்பாலும் 1,500 முதல் 3,500 சுற்றுக்குள்தான் ஓடுகிறது. அங்கே 302 சோம்பல்தான்.

ஆகவேதான் பட்டறைகளில் 383 அவ்வளவு பிரபலம். 350-இன் சிலிண்டரை 4.030 அங்குலத்துக்கு போர் செய்து, 400 கன அங்குல இன்ஜினின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கொண்ட கிராங்க்கைப் பொருத்தினால் 383 கன அங்குலம், அதாவது 6.3 லிட்டர் கிடைக்கிறது. வெளியளவு மாறுவதில்லை, பழைய மவுண்ட்டிலேயே உட்காரும். இன்னொரு ஆதாயமும் உண்டு: 302-இல் ஐட்லிங்கையே குலைக்கும் கேம் ஷாஃப்ட், 383-இல் சாதுவாக நடந்துகொள்ளும். ஸ்ட்ரோக் கூடினால் கம்ப்ரஷனும் கூடும் என்பதால் குழிவான பிஸ்டன் தேவைப்படலாம். இல்லாவிட்டால் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் நாக்கிங் வரும். சிலிண்டர் ஹெட்டும் கவனிக்கப்பட வேண்டும். பழைய சிறிய ஹெட்டையே மாட்டினால், கூடுதல் கொள்ளளவுக்கு வேண்டிய காற்று உயர்ந்த சுற்றில் போதாது.

396, 427, 454 ஆகிய 'பிக் பிளாக்' வகையின் இழுவை அலாதியானது. ஆனால் வார்ப்பிரும்பாலான அந்த இன்ஜின் சிறியதைவிட ஏறக்குறைய 50 கிலோ கூடுதல் எடை, அதுவும் முன்சக்கரங்களின் மேல். வளைவில் வண்டி திரும்பத் தயங்கும்; முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும் ரேடியேட்டரும் மாற வேண்டிவரும். பெட்ரோல் செலவும் ஏறும். மெதுவாக ஓட்டும்போது பெரிய இன்ஜினின் த்ராட்டில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்றை இழுப்பதிலேயே ஆற்றல் வீணாகிறது. நேர்கோட்டில் சீறுவதே நோக்கம் என்றால் இவையெல்லாம் பொருட்டில்லை. தினமும் ஓட்ட நினைப்பவருக்கு 350 அல்லது 383-ஏ பொருத்தம்.

அளவு முடிவானபின் பின் அச்சின் கியர் விகிதம். உயர்ந்த சுற்றில் உயிர்பெறும் 302-ஐத் தாங்கிய இசட்/28 என்ற கமாரோ வகைக்கு 3.73 விகிதமே நிலையாக வந்தது. 383-இன் கீழ்ச்சுற்று இழுவைக்கு 3.08 போதும், நெடுஞ்சாலையில் இரைச்சலும் குறையும். சாதாரண கமாரோக்களில் இருந்த 10 போல்ட் அச்சு, நல்ல பிடிப்புள்ள டயரோடு இவ்வளவு டார்க்கைத் தொடர்ந்து வாங்கினால் உடையக்கூடும். அதனால்தான் பலரும் 12 போல்ட் அச்சுக்கு மாறிவிடுகிறார்கள்.