உங்களுக்குத் தெரியுமா? 600-க்கு 51!

புதுக்கோட்டை உள்ளிட்ட மாவட்டங்களின் பள்ளிக் கல்வியைத் தரம்பார்த்து வகைப்படுத்த மத்திய அரசு 2022-இல் முதன்முதலாக வெளியிட்ட குறியீட்டில், மொத்தம் 600 புள்ளிகளுள் பள்ளி வசதிகளுக்கும் மாணவர்க்குரிய பாடநூல் முதலியவற்றுக்குமாக ஒதுக்கப்பட்டவை வெறும் 51!

• கற்றல் முதலான பலன்களுக்கு 290, நிர்வாகத்துக்கு 84. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முதலிடம் பெற இயலாது என்பது சந்தோஷமே.

• அளவுகோல்கள் 83. ஆயினும், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த 1991-வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்பித்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களுமாக லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்திரீகள் பெற்ற அபிவிருத்தியை அளக்க அவற்றுள் ஒன்றுமில்லை.

• பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு நேரவே, சிலர் ஆண்கள் சைக்கிளை வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்க அதுவே சௌகரியமாம்.